கஞ்சாவை நிறுத்த ஒரு குளிசை இருக்கா?

"மனே, இவன் அந்தக் கஞ்சாவ உடுறதுக்கு ஏதும் குளிச இருந்தாத் தாங்களன்."

மருந்துக்கடையில் கவுண்டருக்கு உள்ளே நிற்கிற எவருக்கும் இந்தக் கேள்வி பழகிப்போனது. படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா கேட்பார். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த காக்கா, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார். சிலர் கேள்வியோடு பதிலையும் கொண்டு வருவார்கள்: "கொழும்பில ஒரு ஊசி இரிக்காம், ஒண்டு போட்டாச் சரியாம்."

மறுபக்கம் இன்னொரு கூட்டம். "அது மூலிகை. நாட்டு வைத்தியத்திலயும் சேர்க்கிறாங்க. அதுக்கெல்லாம் அடிமையாக ஏலாது. இவனுக்கு விட மனமில்ல, அவ்வளவுதான்" என்பார்கள். சந்தியில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் திண்ணையில், கோயில் வெளிவீதியில் பேச்சு இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடும்.

இரண்டும் பிழை. அப்படி ஒரு ஊசி கிடையாது. கஞ்சாவுக்கு ஒருவர் அடிமையாக மாட்டார் என்பதும் இல்லை. ஆனால் மருந்தையும் உளவளத்துணையையும் (கவுன்சலிங்) சேர்த்துக் கொடுத்து, எது வேலை செய்கிறது என்று பார்த்த ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. அவை எப்படி நடக்கின்றன என்று விளங்கினால், "புது மருந்து வந்திருச்சாம்" என்று கைப்பேசியில் வருகிற செய்தியில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஓரளவு தெரியும். பெரும்பாலும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

## குடிக்கு இருக்கு, கஞ்சாவுக்கு?

குளிசை கேட்டு வருவோரைக் குறை சொல்ல முடியாது. குடிக்கு டைசல்பிராம் என்று ஒரு குளிசை உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். (இதைப் புருஷனுக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. தெரியாமல் எடுத்துவிட்டுக் குடிக்கிறவருடைய உயிருக்கே அது ஆபத்து.) ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரனோபின் என்ற மருந்துகளைப் பல நாடுகளில் கொடுக்கிறார்கள். சிகரெட்டுக்கு நிக்கொட்டின் சுவிங்கமும் ஒட்டுப்பட்டையும் இருக்கின்றன. இவ்வளவும் இருக்கும்போது கஞ்சாவுக்கும் ஒன்று இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே.

இல்லை. மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற அமெரிக்க நிறுவனமான எஃப்.டி.ஏ., கஞ்சாவில் சிக்கியவருக்கென்று ஒரு மருந்தையும் இதுவரை அங்கீகரிக்கவில்லை. முயற்சி இல்லாமல் இல்லை. முயன்று பார்த்த மருந்துகளின் பட்டியல் நீளமானது. மனச்சோர்வு மருந்து, பதற்ற மருந்து, வலிப்பு மருந்து, சளி மருந்து, கஞ்சாவிலிருந்தே எடுத்த பொருள் என்று பலதையும் பார்த்துவிட்டார்கள்.

## யாரைச் சிக்கியவர் என்று சொல்வது?

பெரிய கல்லூரி மாட்ச் முடிந்த இரவு ஒருமுறை இழுத்துப் பார்த்தவரும், காலையில் கண் விழித்ததும் அதைத் தேடுகிறவரும் ஒன்றல்ல. இரண்டாமவருடைய நிலைக்குத்தான் கஞ்சாச் சார்பு என்று பெயர்: கேடு வருகிறது என்று தெரிந்தும், விட நினைத்தும், விட முடியாமல் போகிற நிலை.

அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைநூல், 2013 பதிப்பில், இதற்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. நினைத்ததைவிடக் கூடப் பாவிப்பது, குறைக்க முயன்று தோற்பது, அதைத் தேடுவதிலும் பாவிப்பதிலும் நாளில் பெரும்பகுதி போவது, வேலையும் படிப்பும் வீட்டுக் கடமையும் தவறுவது, முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போவது, நிறுத்தினால் உடம்பும் மனமும் முரண்டுவது என்று அது போகும். பன்னிரண்டு மாதத்துக்குள் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் லேசான சிக்கல். ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது.

எத்தனை பேர் அந்த நிலைக்குப் போகிறார்கள்? 1994இல் வெளியான, அதிகம் எடுத்துச் சொல்லப்படுகிற ஒரு அமெரிக்கக் கணக்கெடுப்பில், கஞ்சாவை எப்போதாவது பாவித்தவர்களில் ஏறத்தாழ 9 வீதமானோர் சார்பு நிலைக்குப் போயிருந்தார்கள். மதுவில் அது 15 வீதம், புகையிலையில் 32 வீதம். ஆகவே தொட்டவர் எல்லோரும் சிக்குவதில்லை, சிக்குகிறவர்களும் இல்லாமல் இல்லை. இந்த 9 வீதத்தைச் சிலர் "பாத்தியா, ஒண்டுமில்ல" என்பதற்கு எடுப்பார்கள். பதினொரு பேரில் ஒருவர் என்று மாற்றிச் சொன்னால் அவர்களுக்கே கொஞ்சம் யோசனை வரும். அதிலும் எங்கள் பக்கத்துப் பொடியன்மார் சிகரெட்டை உதிர்த்து அந்தத் தூளோடு கஞ்சாவைக் கலந்து சுற்றுகிறார்கள். அப்போது ஒரே புகையில் இரண்டு சார்பு வளர்கிறது.

## தலைக்குள் நடப்பது

கஞ்சாவில் மயக்கம் தருகிற முதன்மைப் பொருள் டி.எச்.சி. நரம்புக் கலங்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட இரசாயனம் வந்து ஒட்டினால் கலத்தின் வேலையை மாற்றிவிடும் புரதங்கள் அவை. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். டி.எச்.சி. ஒட்டுகிற ஏற்பியை சி.பி.1 என்பார்கள். அது கஞ்சாவுக்காக உண்டானதல்ல. எங்கள் உடம்பே சுரக்கிற ஆனந்தமைட் போன்ற பொருட்களுக்கானது. பசி, தூக்கம், பயம், ஞாபகம், வலி, இன்பம் எல்லாவற்றையும் அளவோடு வைத்திருப்பதில் அதற்குப் பங்கிருக்கிறது.

உடம்பு சுரப்பது கொஞ்சம், அதுவும் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில். புகைத்து உள்ளே இழுப்பது மூளை முழுக்கப் பரவும். தினமும் இப்படி வெள்ளமாக வந்தால் மூளை தன் பங்குக்கு சி.பி.1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் முன்பு ஒன்றில் கிடைத்தது இப்போது மூன்றிலும் கிடைப்பதில்லை. நிறுத்தினதும் நிலைமை தலைகீழாகிறது. டி.எச்.சி. இல்லை, உடம்பின் சொந்தச் சுரப்புக்கு ஒட்ட ஏற்பியும் போதாது. பசியும் தூக்கமும் மனநிலையும் ஒன்றாகக் குழம்புகின்றன.

இதைத்தான் விலகல் அறிகுறிகள் என்கிறோம். நிறுத்தி ஒன்று இரண்டு நாளில் தொடங்கும், முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். தூக்கமும் கனவும் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுபடலாம்.

மூன்றாம் இரவை எடுங்கள். பொடியன் உண்மையாகவே நிறுத்திவிட்டான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போகிறான். பாய் நனைய வியர்க்கிறது. கண் மூடினால் கெட்ட கனவு, விழித்தால் திரும்பத் தூக்கமில்லை. விடியப்புறம் அம்மா "தேத்தண்ணி ஊத்தவா மனே" என்று கேட்டதற்குச் சீறி விழுகிறான். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "திரும்பவும் அடிச்சிட்டு வந்திட்டான்" என்றுதான். உண்மை நேர்மாறு. அவன் அடிக்காததால்தான் இந்தக் கோலம். இந்த இடத்தில் விழுகிற ஒரு குற்றச்சாட்டு, திரும்ப அதே சந்திக்குப் போக அவனுக்கு நல்ல சாட்டாகிவிடும்.

குறைந்த ஏற்பிகள் திரும்பி வரும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. தினமும் புகைத்தவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்தி ஏறத்தாழ நான்கு வாரத்தில் பெரும்பாலான இடங்களில் ஏற்பிகள் வழமை நிலைக்கு வந்திருந்தன.

சுருக்கமாக: சார்பு என்பது உடம்பிலும் நடக்கிற மாற்றம். அது திரும்பக்கூடியது. ஆனால் திரும்பும் வரைக்குமான அந்த மூன்று நான்கு வாரம் கரடுமுரடானது. மருந்து தேடுவோர் முதலில் கண் வைப்பது அந்த வாரங்களில்தான்.

## போடியாரின் வயலும் புது உரமும்

மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்? வெல்லாவெளிப் பக்கம் ஒரு போடியார் இருக்கிறார் என்று வைப்போம். உரக் கம்பனிக்காரர் ஒருவர் புது உரம் கொண்டு வருகிறார். போடியார் அதை வயல் முழுக்க வீசுகிறார், விளைச்சலும் கூடுகிறது. உரம் நல்லது என்று சொல்லிவிடலாமா? ஏலாது. அந்தப் பெரும்போகம் மழை நேரத்துக்குப் பெய்திருக்கலாம். குளத்துத் தண்ணி ஒழுங்காக வந்திருக்கலாம். புது உரம் போட்ட ஆசையில் போடியாரே தினமும் வரம்பில் நின்று பார்த்திருக்கலாம்.

விவரமான போடியார் என்ன செய்வார்? வயலைப் பல துண்டாகப் பிரிப்பார். எந்தத் துண்டுக்குப் புது உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார். இல்லாவிட்டால் பள்ளக்காணிக்கே உரம் போய்ச் சேரும். எல்லாத் துண்டுக்கும் ஒரே நெல், ஒரே வாய்க்கால் தண்ணி. உரம் போடாத துண்டுக்கு உரம் மாதிரியே தோற்றமுள்ள வெறும் தூளை வீசச் சொல்லுவார். எது உரம், எது தூள் என்று வீசுகிற ஆளுக்கும் தெரியாது, அறுத்து நிறுக்கிற ஆளுக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கத்து மூட்டைகளையும் எண்ணிப் பார்ப்பார்.

கஞ்சாச் சார்பு ஆய்வும் இதே மாதிரித்தான். மருந்து உரம். மருந்து மாதிரியே இருந்து உள்ளே மருந்தில்லாத குளிசைக்கு மருந்துப்போலி என்று பெயர், அது வெறும் தூள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஆய்வு முடியும் வரைக்கும் நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. தண்ணி என்பது உளவளத்துணை. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் போகும்.

இந்தக் கடைசி வசனத்தில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "மருந்தும் உளவளத்துணையும் சேர்ந்த சிகிச்சை தோற்றது" என்று செய்தி வந்தால், உளவளத்துணையும் பயனில்லை போலும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு கேட்ட கேள்வி அதுவல்ல. தண்ணி இருக்கிற வயலில் உரம் மேலதிகமாக ஏதும் தந்ததா என்பதே கேள்வி. தண்ணியே வேண்டுமா என்று பார்க்க வேறு ஆய்வு வேண்டும்.

## தண்ணி வேண்டுமா என்று பார்த்த ஆய்வு

அப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவில் 450 பெரியவர்களை மூன்று பிரிவாகக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது அமர்வு, இன்னொன்றுக்கு இரண்டு அமர்வு. மூன்றாவது பிரிவுக்குச் சிகிச்சை பிறகு கிடைக்கும், இப்போது காத்திருக்க வேண்டும். மருந்தே இல்லை. 2004இல் முடிவு வந்தது. நான்காம் மாதத்தில் முழுதாக நிறுத்தியிருந்தோர், ஒன்பது அமர்வுப் பிரிவில் ஏறத்தாழ 23 வீதம், இரண்டு அமர்வில் 9 வீதம், காத்திருந்தோரில் 4 வீதம். நிறுத்தாதவர்களிலும் பாவிக்கிற நாட்கள் குறைந்தன, கூடுதலான அமர்வு கிடைத்தவர்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தன. பேச்சு வெறும் பேச்சல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதேநேரம் நூற்றுக்கு 23 என்பது பெரிய வெற்றியும் அல்ல. மருந்தைத் தேடத் தொடங்கியது இதனால்தான்.

அந்த அமர்வுகளில் என்ன நடக்கும்? புத்திமதி அல்ல. புத்திமதிக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். மூன்று முறைகள் அதிகம் பாவிப்பில் உள்ளன. முதலாவது ஊக்க உரையாடல். விட வேண்டும் என்ற எண்ணமும் விட வேண்டாம் என்ற எண்ணமும் ஒருவருக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். அதை அவர் வாயாலேயே பேசவைத்து, விடுகிற பக்கம் சாயவைப்பது. இரண்டாவது சிந்தனை நடத்தைச் சிகிச்சை. எந்த நேரம், எந்த இடம், யாரோடு சேரும்போது கை தேடுகிறது என்று பிடித்து, அந்த இடத்தில் வேறு என்ன செய்வது என்று பழக்குவது. கடலுக்குப் போய் விடிய வந்து வலை தட்டி முடித்த களைப்பில் இழுக்கிறவருக்கு ஒரு வழி. பின்னேரம் கிரிக்கெட் முடிந்து மதிலில் இருந்து இழுக்கிறவருக்கு வேறு வழி.

மூன்றாவது வெகுமதி முறை. சிறுநீரில் கஞ்சா இல்லை என்று வந்தால் பரிசுச் சீட்டு, தொடர்ந்து இல்லாமல் வந்தால் பரிசின் பெறுமதி கூடும். "திருந்துறதுக்குக் காசா?" என்று எங்கள் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கைமேல் கிடைக்கிற சின்னப் பரிசு, எப்போதோ வரப்போகிற நன்மையைவிட மூளைக்குப் பெரிதாகத் தெரியும் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன.

## பனடோலுக்கு முறிவு, கஞ்சாவுக்கு?

இனி உரத்துக்கு வருவோம். அதிகம் பேசப்பட்ட ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெயர் என்-அசிற்றைல்சிஸ்ரீன். சுருக்கமாக நாக் என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு இது புதியதல்ல. பனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கிவிட்டு வருகிறவர்களின் ஈரலைக் காப்பாற்ற ஏற்றுவது இதைத்தான். சளியை இளக்கவும் கொடுப்பார்கள்.

சளி மருந்துக்கும் கஞ்சாவுக்கும் என்ன தொடர்பு? மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருட்களில் ஒன்று குளூட்டமேற். போதைப்பொருளைத் தொடர்ந்து பாவித்தால், வெகுமதியை உணர்கிற பகுதியில் இதன் சமநிலை குலைகிறது, தேடல் கூடுகிறது. விலங்குகளில் பார்த்தபோது நாக் அந்தச் சமநிலையைத் திருத்த உதவியது, தேடலும் குறைந்தது. விலை மலிவு, நீண்ட காலம் பழகிய மருந்து. ஆகவே மனிதரில் பார்க்கலாம் என்று இறங்கினார்கள்.

முதல் பெரிய முடிவு 2012இல், அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து வந்தது. 15 முதல் 21 வயது வரையான 116 பேர், எட்டு வாரம். பாதிப்பேருக்கு நாக், பாதிப்பேருக்கு மருந்துப்போலி. எல்லோருக்கும் வாராந்தம் சிறிய ஆலோசனையும் வெகுமதி முறையும். நாக் எடுத்தோரின் சிறுநீர்ச் சோதனைகளில் கஞ்சா இல்லாமல் வந்தவை 40.9 வீதம், போலி எடுத்தோரில் 27.2 வீதம். கஞ்சாவுக்கு ஒரு மருந்து சிறுநீர்ச் சோதனையில் இப்படித் தெளிவாக முந்தியதைக் கண்டு எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள்.

அடுத்து பெரியவர்கள். 18 முதல் 50 வயது வரை 302 பேர், அமெரிக்காவில் ஆறு நிலையங்கள், பன்னிரண்டு வாரம், நாளுக்கு இரண்டு தரம் 1200 மில்லிகிராம். வெகுமதி முறை இரண்டு பக்கத்துக்கும். முடிவு 2017இல் வெளிவந்தது. நாக் பிரிவில் கஞ்சா இல்லாத சோதனைகள் 22.3 வீதம். போலிப் பிரிவில் 22.4 வீதம்.

இரண்டு துண்டிலும் ஒரே மூட்டை. உரம் ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு இளையோரிலேயே, வெகுமதி முறையை எடுத்துவிட்டு இன்னோர் ஆய்வு செய்தார்கள். அதிலும் மருந்து முந்தவில்லை. சின்ன ஆய்வொன்றில் வந்த நல்ல முடிவைப் பெரிய ஆய்வு உறுதிப்படுத்தும் வரை கொண்டாடக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். 2012 செய்தி இன்றைக்கும் இணையத்தில் சுற்றுகிறது. 2017 முடிவை யாரும் பகிர்ந்து நான் கண்டதில்லை.

இந்தச் சோதனைகளில் ஒரு சின்னச் சங்கதி எனக்குப் பிடிக்கும். குளிசையைக் கொடுத்தால் போதுமா, ஆள் விழுங்கினாரா என்று எப்படித் தெரியும்? குளிசைக்குள் கொஞ்சம் ரைபோஃபிளேவின், அதாவது விற்றமின் பி2 சேர்த்துவிடுவார்கள். அது சிறுநீரில் வெளியேறும். புற ஊதாக்கதிர் விளக்கின் கீழ் பிடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஒளிராவிட்டால் குளிசை குப்பைக்குப் போயிருக்கிறது என்று பொருள். கஞ்சாவைக் கண்டுபிடிப்பதில் வேறு சிக்கல் இருக்கிறது. டி.எச்.சி. கொழுப்பில் தங்கும். நாள்தோறும் பாவித்தவர் நிறுத்தி வாரக்கணக்கான பின்பும் சிறுநீரில் அதன் மிச்சம் தெரியலாம். ஆகவே முதல் சில வாரத்தில் "இருக்கு" என்று வந்த சோதனையை வைத்துப் பொடியனைப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது.

## கஞ்சாவின் பொருளையே மருந்தாகக் கொடுத்தால்?

சிகரெட்டை நிறுத்த நிக்கொட்டினையே வேறு வடிவில் கொடுக்கிறார்கள் அல்லவா? அதே யோசனைதான் இதுவும். டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்து குளிசையாக்கியதன் பெயர் ட்ரொனாபினோல். 2011இல் வெளியான ஆய்வில் 156 பெரியவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் உளவளத்துணையும் இருந்தது. நிறுத்தியோர் எண்ணிக்கையில் வித்தியாசம் வரவில்லை. ஆனால் மருந்து எடுத்தோருக்கு விலகல் அறிகுறிகள் குறைந்தன. கடைசி வரை சிகிச்சையில் நின்றோர் 77 வீதம், போலிப் பிரிவில் 61 வீதம். இதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கிளினிக்குக்குத் திரும்பி வருகிறவரோடுதான் அடுத்த வேலையைச் செய்யலாம். வராதவரோடு என்ன செய்வது?

அவுஸ்திரேலியாவில் நாபிக்சிமோல்ஸ் என்ற மருந்தைப் பார்த்தார்கள். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் சேர்ந்தது, வாய்க்குள் விசிறுவது. (சி.பி.டி. என்பது கஞ்சாவில் உள்ள, ஆனால் மயக்கம் தராத பொருள்.) 128 பேர், பன்னிரண்டு வாரம், கூடவே சிந்தனை நடத்தைச் சிகிச்சை. 2019இல் முடிவு வந்தது. 84 நாளில் மருந்துப் பிரிவினர் சராசரியாக 35 நாள் கஞ்சா பாவித்திருந்தார்கள், போலிப் பிரிவினர் 53 நாள். இந்த ஆய்வு எண்ணியது நிறுத்தியவர்களை அல்ல, பாவித்த நாட்களை. சி.பி.டி.யைத் தனியாக 82 பேரில் பார்த்த பிரித்தானிய ஆய்வும், 400, 800 மில்லிகிராம் அளவில் பாவிப்பு குறைந்ததாக 2020இல் சொன்னது. அது சிறியது, பெரிய ஆய்வு அதை இன்னும் உறுதிப்படுத்த வேண்டும்.

"அப்ப கஞ்சாவையே மருந்தாக் கொடுக்கிறாங்க, நாங்க அடிச்சா என்ன?" என்று கேட்கிற கெட்டிக்காரர் ஒருவர் எங்கும் இருப்பார். அளந்த அளவு, குறித்த நேரம், புகையில்லை, சிலவாரத்தில் குறைத்து நிறுத்துகிற திட்டம், பக்கத்தில் வைத்தியர். சந்தியில் வாங்குகிற கேரளக் கஞ்சாப் பொட்டலத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆயுர்வேத மருந்துக்கு அரச அனுமதியோடு கஞ்சா எடுக்கிறார்கள் என்பதும் இதே மாதிரித்தான். அது அந்த அனுமதிக்குள் மட்டும். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி வைத்திருப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்தான்.

## உரமே பயிரைக் கெடுத்த கதை

மனச்சோர்வும் கஞ்சாச் சார்பும் ஒன்றாக உள்ளவர்களுக்கு வென்லபக்சீன் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வு தீர்ந்தால் கஞ்சாவும் விட்டுப்போகும் என்று எவரும் நினைப்பார்கள். 103 பெரியவர்கள், எல்லோருக்கும் உளவளத்துணை. 2013இல் வந்த முடிவு: கஞ்சாவை நிறுத்தியோர் போலிப் பிரிவில் 36.5 வீதம், மருந்துப் பிரிவில் 11.8 வீதம். மருந்து உதவவில்லை என்பது மட்டுமல்ல, பின்னுக்கும் இழுத்திருக்கிறது. வெறும் தூள் போட்ட துண்டு ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிய வந்திராது. அந்த 11.8 வீதத்தைப் பார்த்து "மருந்தால இவ்வளவு பேராவது நிறுத்தினாங்க" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் மனச்சோர்வுக் குளிசையையோ மாமாவின் நித்திரைக் குளிசையையோ எடுத்துப் பொடியனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். உண்மையாகவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு வைத்தியர் மருந்து தருவார், அது வேறு விடயம். நித்திரைக் குளிசையோ இன்னும் மோசம். ஒரு சார்பு போய் இன்னொரு சார்பு வந்து உட்காரும்.

இதுவரை பார்த்ததில்: மருந்து இல்லாத உளவளத்துணைக்குப் பயன் இருக்கிறது. அதன் மேல் சேர்த்த மருந்துகளில் பல ஒன்றும் கூட்டவில்லை, ஒன்று குறைத்தது, கஞ்சாவின் பொருளையே கொண்ட ஒன்றிரண்டு நம்பிக்கை தருகின்றன.

## மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு

அந்த வாய் விசிறியெல்லாம் எங்கள் அலுமாரியில் இல்லை. ஆனால் ஆய்வுகளில் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்த தண்ணி இங்கே கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நாட்கள் உண்டு. எந்த நாள் என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு போங்கள், ஒரு பஸ் காசு மிச்சம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

"மனநலக் கிளினிக்குக்குப் போனா விசர் எண்டு ஊர் சொல்லும்" என்ற பயம் பெரிய தடை, அதுவும் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிற வீடுகளில். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் பொடியனைச் சந்தியில் காண்கிற ஊருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். இனிப் புதிதாகத் தெரிய வருவதற்கு அதிகம் இல்லை.

போகும்போது எடுக்கிற எல்லா மருந்தின் சீட்டுகளையும் கொண்டு போங்கள், சளி மருந்து, நாட்டு மருந்து உட்பட. கஞ்சா மட்டுமா, கூட ஐஸ் அல்லது வேறு ஏதும் உண்டா என்று வைத்தியர் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். ஐஸ் என்பது வேறு போதைப்பொருள், அதற்கான சிகிச்சையும் வேறு. முடிந்தால் முதல் சந்திப்பில் அம்மாவும் அப்பாவும் கொஞ்ச நேரமாவது வெளியே இருங்கள். பெற்றவர்கள் முன்னால் எந்தப் பொடியன் உண்மை அளவைச் சொல்லுவான்?

இவை எதற்கும் காத்திராமல் ஓட வேண்டிய நிலையும் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றால், வீட்டாரே தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று நம்பத் தொடங்கினால், பல நாள் தூங்காமல் தனக்குள்ளே பேசித் திரிந்தால், சாக வேண்டும் என்று சொன்னால், அது விலகல் அறிகுறி அல்ல, கிளினிக் நாள் வரை பொறுக்கிற விஷயமும் அல்ல. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பேய் பிடித்திருக்கிறது என்று நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் பிறகு நடக்கட்டும், முதலில் ஆஸ்பத்திரி.